விடுதி கேட் எத்தனை மணிக்கு மூடும்?

ஜூன் பிறந்தால் போதும், எங்கள் துறை வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "மேடம், எம்.எஸ்சி.க்கு எங்க சேரட்டும்?" அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் பட்டம் வாங்கும் முதல் ஆள் அவர்கள்தான். அதனால் இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது.

போன வாரம் ஒரு மாணவி அப்பாவோடு வந்தாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கையில் இரண்டு இடம். ஒன்று வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், பழைய பேர்பெற்ற நிறுவனம். இன்னொன்று சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிக் கிடைத்த ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். நெட் சென்டரில் பிரின்ட் எடுத்த ரேங்க் பட்டியலை அவர் மேஜையில் விரித்துவைத்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

ரேங்க் பட்டியலை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். என்ற அந்தப் பட்டியல் 2016 முதல் வருகிறது. கற்பித்தல், ஆராய்ச்சி, தேர்ச்சி, எல்லாத் தரப்புக்கும் இடம், மக்கள் மதிப்பு என்று ஐந்து தலைப்பில் மார்க் போடுகிறார்கள். அதில் எத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்பதற்கும் மார்க் உண்டு. அந்தப் பெண்களை எத்தனை மணிக்கு உள்ளே போட்டுப் பூட்டுகிறார்கள் என்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை. எனக்கோ அதுதான் முதல் கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் எம்.எஸ்சி. படித்த இடத்தில் பெண்கள் விடுதி கேட் மாலை ஆறரைக்கு மூடும். இறுதியாண்டு புராஜெக்டில் எனக்குக் காலம் (column) குரோமட்டோகிராஃபி, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வேலை. கண்ணாடிக் குழாயில் சிலிகா ஜெல்லை நிரப்பி, மேலே நம் கலவையை ஏற்றி, ஹெக்சேன், எத்தில் அசிடேட் என்ற இரண்டு கரைப்பான்களைக் கலந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் நிறமாகப் பட்டைகள் பிரிந்து மெதுவாக இறங்கும். கரைப்பான் வற்றினால் சிலிகா பிளந்துவிடும். அப்படியே மூடிவைத்துவிட்டுப் போனாலும், ராத்திரி முழுக்கப் பட்டைகள் பரவி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். எனக்கு வேண்டிய மஞ்சள் பட்டை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருந்தது. மணி ஆறு பத்து. குழாயின் அடியில் இருக்கும் திருகை மூடிவிட்டு ஓடினேன். காலையில் வந்து பார்த்தால் மஞ்சளும் ஆரஞ்சும் ஒரே கலங்கலாக நின்றது. இப்படி மூன்று முறை.

வழிகாட்டி நல்ல மனிதர். "அந்தப் பையன்கிட்ட குடுத்துட்டுப் போம்மா, ஒம்பது மணி வரைக்கும் இருப்பான், அவன் பாத்துக்குவான்" என்றார். அவனும் நல்ல பையன்தான், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொடுத்தான். என் பெயர் போட்ட புராஜெக்டில் பாதி டெஸ்ட்டியூப் லேபிள் அவன் கையெழுத்து. பட்டை இறங்கும் நேரத்தில் எப்போது டெஸ்ட்டியூபை மாற்றுவது என்று அவன் கைக்குத் தெரிந்தது, என் கைக்குத் தெரியவில்லை. வைவாவில் யாரும் அதைக் கேட்கவில்லை. பிஎச்.டி.யில் சேர்ந்த முதல் மாதமே அது தெரிந்துபோயிற்று.

பிஎச்.டி. செய்த ஊரில் கேட் இருந்தது, பூட்டு இல்லை. மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் என்.எம்.ஆர். வரைபடத்தில் ஒரு பீக் (முகடு) ஏன் இரண்டாகப் பிரிகிறது என்று வகுப்பில் இரண்டு வருடம் மனப்பாடம் செய்தவள் நான். அது எனக்கு விளங்கியது மெஸ்ஸில், ராத்திரி பத்து மணிக்கு. இயற்பியல் படித்த அக்கா ஒருத்தி எவர்சில்வர் டம்ளரை நிமிர்த்தி வைத்தாள், கவிழ்த்து வைத்தாள். "பக்கத்து வீட்டுப் புரோட்டான் இப்படி இருந்தா உனக்கு ஒரு இடம், இப்படி இருந்தா வேற இடம், அவ்வளவுதான்" என்றாள். இன்றைக்கும் என் வகுப்பில் நான் டம்ளர்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். கேம்பஸ் வாழ்க்கை என்றதும் கல்ச்சுரல்ஸ், கேன்டீன், ரீல்ஸ் என்று நினைக்கிறார்கள். நான் சொல்வது அந்த ராத்திரி பத்து மணியை.

விதி இல்லாமலும் இல்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதியில் பெண்களுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. அதே வருடம் டெல்லி மாணவிகள் 'பிஞ்ரா தோட்', கூண்டை உடை, என்று தெருவுக்கு வந்தார்கள். 2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து கேரள உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். ஒன்பதரை! நம் பக்கம் ஆறரைக்கும் ஏழுக்கும் பூட்டும் விடுதிகளில் இருந்து வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பெற்றோர் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கும் மகள் இருக்கிறாள். பயத்துக்கு மருந்து தெருவிளக்கு, ராத்திரி ஓடும் கேம்பஸ் பஸ், போன் செய்தால் எடுக்கும் வார்டன். ஆறரை மணிப் பூட்டு அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மற்றதையும் பார்க்கத்தான் வேண்டும். விடுதி நன்றாக இருந்து துறை சரியில்லை என்றால் பயனில்லை. என்.எம்.ஆர். கருவி உள்ளேயே இருக்கிறதா, சாம்பிளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மெஸ் டிவைடிங் சிஸ்டமா (மாதச் செலவை மாணவர்களே பங்கிட்டுக் கட்டுவது), மாதம் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும், அதைக் கணக்கில் வையுங்கள். பின்னால் பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 என்பதும் கணக்கில் இருக்கட்டும். இவற்றையெல்லாம் இணையதளத்தில் தேடாதீர்கள். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணின் நம்பரை வாங்கிப் பேசுங்கள்.

இதைத்தான் அந்த அப்பாவிடமும் சொன்னேன். "ஹைதராபாத் ரொம்பத் தூரம்ல டீச்சர்" என்றார். "மெட்ராஸ்ல சாயங்காலம் சார்மினார்ல ஏறினா காலைல அங்க இருக்கும்ண்ணே" என்றேன். முகம் தெளியவில்லை. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே படிக்கிறாள், நம்பரைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அந்தப் பெண் வந்து சொன்னாள். வண்டி நிறுத்திவிட்டு அப்பா வர ராத்திரி பத்தாகிவிட்டதாம், அப்போதுதான் போன் போட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். "எங்கம்மா இருக்க?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "லேப்லதான் அங்கிள், வேக்கம் பம்ப் சத்தம் அது, இன்னும் அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்." தனியாகவா என்று கேட்டிருக்கிறார். இல்லை, நாலு பேர் இருக்கிறோம், சேர்ந்து நடந்து போவோம் என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை ஃபீஸ் கட்டுகிறார்கள்.