போட்டோஷாப் மட்டும் போதாது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களிலும் வணிகத்துக்கான டிஜிட்டல் மீடியா வடிவமைப்பைச் சான்றிதழ் படிப்பாகக் கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன். முழுமனதோடு ஆதரிக்கிறேன். எஸ்.பி.எம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த நம் பிள்ளைகள் இதற்காக ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய் வாடகை அறையில் தங்க வேண்டியதில்லை.

ஆனால் பாடத்திட்டத்தில் தமிழ் எழுத்துரு வேலை கட்டாயம் வேண்டும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) மாற்றாமல் ஒட்டினால் ஒரு வார்த்தைகூடத் தேறாது. கோயில் திருவிழா பேனரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இந்தக் கோளாறைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அப்புறம், திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்), அச்சுக்கு சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) என்ற நிற முறை வேறுபாட்டையும் அச்சகத்திலேயே நிறுத்திக் காட்ட வேண்டும்.

வணிகம் என்றால் விலைப்புள்ளி எழுதுவது, முன்பணம் கேட்பது எல்லாம் சேர்த்துத்தான். பலகாரம் செய்து விற்கும் அக்காமார்களின் வாட்ஸ்அப் பட்டியலையே மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ (மலேசியத் தகுதி நிறுவனம்) அங்கீகாரம் பெற்றதா அல்லது எஸ்.கே.எம் (மலேசியத் திறன் சான்றிதழ்) படிப்பா என்று கேளுங்கள். கல்விக் கடன் கிடைப்பது அதைப் பொறுத்தது.