டக்ஸ்ஃபோர்டின் கூரையைப் பேசுகிறோம், கதவைப் பேசுவதில்லை

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் உள்ள அமெரிக்கன் ஏர் மியூசியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேச வேண்டிய கூரைதான். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தது, 1997-இல் திறந்தது, 1998-இல் பிரிட்டனின் கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசு பெற்றது. அளவைத் தீர்மானித்தது பி-52 குண்டுவீச்சு விமானம். ஒரு இறக்கை முனையிலிருந்து மறுமுனைவரை சுமார் 56 மீட்டர், வால் உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். மேலே சிறிய விமானங்களும் தொங்க வேண்டும், கீழே தூண் வரக்கூடாது. அதனால்தான் சுமார் 90 மீட்டர் அகலத்துக்கு ஒரே கான்கிரீட் வளைவு. டோரஸ், அதாவது உளுந்து வடை போன்ற வளைய வடிவத்திலிருந்து எடுத்த வளைவு என்பதால், சில அச்சுகளில் வார்த்த பலகைகளே கூரை முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன.

நான் அதிகம் மெச்சுவது கான்கிரீட்டின் கனத்தை. தகரக் கொட்டகையில் மழைக்குத் தப்பிய விமானம் காலைப் பொழுதுக்குத் தப்பாது. இரவில் குளிர்ந்த உலோகம் சில்லென்றே இருக்க, ஈரக்காற்று உள்ளே வந்து படும். இறக்கையின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்து நிற்கும். அது தகடுகளின் ஒட்டுக்குள் இறங்கி, அலுமினியமும் எஃகு போல்ட்டும் தொடும் இடத்தில் அரிப்பைத் தொடங்கும். மேலே பெயின்ட் கொப்பளிப்பது தெரியும்போது உள்ளே தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். கனமான கூடு வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுவதால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும், ஈரம் நீக்கும் இயந்திரத்துக்கும் சுமை குறையும்.

எனக்குக் குறையாகப் படுவது ஓடுபாதையைப் பார்த்த கண்ணாடிச் சுவர். வெளிச்சம் அருமைதான். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பெயின்டை வெளுக்கும், விமானி அறையின் பிளாஸ்டிக் மூடியில் நுண்விரிசல் விடும், டயரின் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல், பெரிய விமானத்தை வெளியே எடுக்க அந்தச் சுவரையே கழற்ற வேண்டும். அவ்வளவு பாடு என்றால் பராமரிப்பு தள்ளித் தள்ளித்தான் போகும். இறக்கைக்கு அடியில் இறக்கையாக நெருக்கி நிறுத்திய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி டயரின் பாரத்தைக் குறைக்கவும் முடியாது, சக்கரக் குழிக்குள் தேங்கிய அழுக்கைத் துடைக்கவும் முடியாது.

புதிதாக ராணுவ விமான அருங்காட்சியகம் கட்டுகிறவர்கள் பெரிய இறக்கையைவிட இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாகத் திறக்கும் நகரும் கதவை முதலில் வரையட்டும். தொங்கும் விமானத்தின் எரிபொருளையும் எண்ணெயையும் முழுக்க வடித்துவிட்டு, அதன் சட்டகத்தில் தூக்குவதற்கென்றே உள்ள புள்ளிகளில் மட்டும் கம்பிவடத்தை மாட்ட வேண்டும். அந்த முடிச்சு ஒவ்வொன்றையும் ஆள் ஏறித் தொட்டுப் பார்க்கத் தூக்குமேடை வந்து நிற்கும் வழியும் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். கடைசி மூலையில் நிற்கும் விமானம் எந்த வரிசையில், எதையெல்லாம் நகர்த்திய பிறகு வெளியே வரும் என்பதைக் காட்டும் வரைபடம் இல்லாமல் எந்த வடிவமைப்புக்கும் ஒப்புதல் தரக்கூடாது.