மலையடிவாரத் தோட்டமும் காட்டுத்தீயும்

மலையடிவார விவசாயிங்களுக்கு காட்டுத்தீ விழிப்புணர்வு கூட்டம் போட்டாங்கன்னு செய்தில போட்டிருக்கீங்க, நல்லதுதான், ஆனா ஏப்ரல்ல போட்டு என்ன பிரயோஜனம்? வடகிழக்கு மழை முடிஞ்சு தை மாசமே புல்லு காஞ்சிடுது, பிப்ரவரிலயே தீ சீசன் ஆரம்பம், தேனி மாவட்டம் குரங்கணி மலைல பிடிச்ச காட்டுத்தீயே 2018 மார்ச் 11ல தானே, மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க. வனத்துறை அவங்க பக்கம் தீத்தடுப்பு கோடு (தீ தாண்டாம இருக்க புல்லு, செடியெல்லாம் எடுத்துட்டு விடுற வெறும் பட்டை) வெட்டுறாங்க சரி, பட்டா நிலத்து ஓரத்துல யாரு வெட்டுறது? நூறுநாள் வேலைல இதைச் சேர்த்தா என்னங்க. வேலியோரம் சருகு, புல்லெல்லாம் செதுக்கி மண்ணு தெரியுற மாதிரி போட்டுட்டாலே தரையோட வர்ற தீ பாதி அடங்கிடும். சரிவுல மேல இருக்கிற தோட்டக்காரங்க இன்னும் உஷாரா இருக்கணும், தீ ஏத்தத்துல தான் வேகமா ஓடும். அப்புறம் மோட்டார் இருக்குன்னு தெம்பா இருக்காதீங்க, தீ வந்தா கரண்ட்ட கட் பண்ணிடுவாங்க, சொட்டுநீர் பைப்பும் உருகிடும், அதனால தொட்டில தண்ணி ரொப்பி வைங்க, கைத்தெளிப்பான் ரெடியா இருக்கட்டும். மத்தியான காத்துல குப்பைக்கு தீ வைக்கிற ஆளுங்கள என்ன சொல்றதுன்னே தெரியல, மக்க வச்சா உரமாச்சும் ஆகும்.