டோனிங் ஷூ: உருளும் சோல் செய்யும் வேலை வேறு

அடிப்பாகம் படகுபோல் வளைந்த 'டோனிங் ஷூ'வைப் போட்டுக்கொண்டு நடந்தாலே தொடையும் புட்டமும் இறுகிவிடும், கலோரி கூடுதலாகக் கரையும், முதுகுவலி போய்விடும் என்று சொல்கிறார்களே, உண்மையா? தெரிந்தவர்கள் சிலர் அடுத்தடுத்து இதையே கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அந்த வளைந்த சோல் வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வலது பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து இறுகிப்போனது. மருத்துவர் சொல்லி, ராக்கர் சோல் (இப்படி வளைந்து உருளும் அடிப்பாகம்) வைத்த ஷூவைத்தான் தினமும் போடுகிறேன். அது இல்லாமல் நீண்ட தூரம் நடக்க முடியாது. ஆனால் அது எனக்குச் செய்யும் வேலையும் டோனிங் ஷூ விளம்பரம் சொல்லும் வேலையும் நேரெதிரானவை. என் ஷூ என் காலின் வேலையைக் குறைக்கிறது. விளம்பரமோ அதே வளைவு தசைகளின் வேலையைக் கூட்டும் என்கிறது.

வடிவத்தைப் பார்த்தாலே விஷயம் பிடிபடும். இப்படிப்பட்ட ஷூ ஒன்றை மேசைமேல் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் மேசையைத் தொடும், முன்னும் பின்னும் அந்தரத்தில் நிற்கும். முனையை ஒரு விரலால் அழுத்தினால் பின்பக்கம் எழும்பும், விட்டால் திரும்பி வரும். இப்போது இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்த ஷூ என்றால் கொஞ்சமும் மடங்காது, பலகைபோல் விறைப்பாக இருக்கும். சாதாரண ஷூவில் நாம் அடி எடுத்து வைக்கும்போது விரல் மூட்டு மடங்கும், கூடவே ஷூவும் மடங்கும். விறைத்த ராக்கர் சோலில் விரல் மடங்கவே வேண்டாம். ஷூ உருண்டு முன்னே போக, உடம்பும் அதோடு போய்விடும்.

இத்தனைக்கும் நம் பாதமே ஒரு உருளும் கருவிதான். மனித நடையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஜாக்குலின் பெர்ரி, ஒவ்வொரு அடியிலும் மூன்று உருளல்கள் இருப்பதாக விளக்கினார். முதலில் குதிகால் தரையில் பட்டு உருள்கிறது. அடுத்து, பாதம் தரையில் பதிந்திருக்க, கணுக்காலை மையமாக வைத்துக் கெண்டைக்கால் முன்னே சாய்கிறது. கடைசியில் குதிகால் எழும்பி, விரல்களின் அடிமூட்டுகள்மேல் உடம்பு உருண்டு போகிறது. இந்த மூன்றும் சேர்வதால்தான் நடை நமக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ராக்கர் சோல் இதில் கடைசி உருளலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. எனக்கு வலிப்பது சரியாக அந்த இடத்தில்தான். இப்படி வேலையைக் குறைக்கும் வடிவத்தைக் காட்டி, இதைப் போட்டால் உடற்பயிற்சி ஆகிவிடும் என்றால் எப்படி?

இதற்கு விற்பவர்களிடம் ஒரு பதில் உண்டு: "வளைவு ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் ஷூ நிலையில்லாமல் ஆடும், அதைச் சமாளிக்கத் தசைகள் கூடுதலாக உழைக்கும்." எம்.பி.டி. என்ற ஸ்விஸ் ஷூவிலிருந்து வந்த வாதம் இது. கார்ல் முல்லர் என்ற பொறியாளர் 1990களில் உருவாக்கியது. கொரியாவில் சேற்று வயலில் வெறுங்காலோடு நடந்தபோது தன் வலி குறைந்ததாக அவர் சொன்னார். அதே மாதிரி மெத்தென்ற, நிலையற்ற தரையை ஷூவுக்குள் கொண்டுவரலாம் என்று குதிகாலில் மென்மையான பஞ்சு வைத்து, அடியை வளைத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்களின் பெயரையும் சேர்த்து 'மசாய் பேர்ஃபுட் டெக்னாலஜி' என்று வைத்தார், அதன் சுருக்கம்தான் எம்.பி.டி. மசாய்கள் நடப்பது வெறுங்காலில், அல்லது டயரை வெட்டிச் செய்த தட்டையான செருப்பில். அவர்கள் காலில் வளைவும் இல்லை, பஞ்சும் இல்லை.

நிலையின்மை வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எம்.பி.டி. ஷூ போட்டு ஒரே இடத்தில் நிற்பவர்களை அளந்தபோது உடம்பு கூடுதலாக ஆடியது. கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள் கூடுதலாக உழைத்ததும் தெரிந்தது. சரி, ஆனால் அவை பாதத்தை நிலையாக வைத்திருக்கும் தசைகள். விளம்பரம் ஆசை காட்டுவது புட்டத்தையும் தொடையையும். கணுக்கால் பக்கத்துச் சிறு தசைகள் கொஞ்சம் துடிப்பதைக் காட்டி மேலே இருப்பதெல்லாம் இறுகும் என்று சொல்வது பெரிய தாவல்.

அந்தத் தாவலை நேரடியாகச் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலுக்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாக ஆய்வாளர்கள் 2010இல் செய்தது அது. ஸ்கெச்சர்ஸ் ஷேப்-அப்ஸ், எம்.பி.டி., ரீபாக் ஈஸிடோன் ஆகிய மூன்றையும் ஒரு சாதாரண ஓட்ட ஷூவோடு ஒப்பிட்டார்கள். (ஈஸிடோனின் அடி வளைந்ததல்ல. காற்று நிரம்பிய மேடுகள் வைத்தது. அதன் அடிப்படையும் அதே நிலையின்மைதான்.) இளம்பெண்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். மணிக்கு 3 மைல், 3.5 மைல், பிறகு அதே 3.5 மைலில் 5 சதவீத ஏற்றம். ஒரு குழுவுக்கு ஆக்சிஜன் செலவு, இதயத் துடிப்பு, கலோரி ஆகியவற்றை அளந்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கெண்டை, முன்தொடை, பின்தொடை, புட்டம், முதுகு, வயிறு என ஆறு தசைகளின் மின்துடிப்பை இ.எம்.ஜி. கருவியில் பதிவு செய்தார்கள். எந்த டோனிங் ஷூவும் சாதாரண ஷூவைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாகக் கலோரி கரைக்கவில்லை, கூடுதலாகத் தசையை இயக்கவும் இல்லை.

சிறிய ஆய்வு, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர்தான். ஆனாலும் புட்டத் தசை எப்போது வேலை செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சமதளத்தில் சாதாரண வேகத்தில் நடக்கும்போது அந்தப் பெரிய தசைக்கு வேலை மிகக் குறைவு. படி ஏறும்போது, மேட்டில் நடக்கும்போது, ஓடும்போது, தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போதுதான் அது உண்மையில் உழைக்கும். டிரெட்மில்லின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் எந்த ஷூ போட்டிருந்தாலும் மூச்சு வாங்கும். உடம்பு மேடு பள்ளத்துக்கும் வேகத்துக்கும் பதில் சொல்லும். சோலின் வளைவை அது கண்டுகொள்வதே இல்லை.

"நான் போட்டபோது கெண்டைக்கால் வலித்ததே, அப்படியென்றால் தசை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?" இதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வலி உண்மைதான். குதிகால் பஞ்சுக்குள் அமுங்குவதால் கெண்டைத் தசையும் குதிகால் தசைநாணும் வழக்கத்தைவிட இழுபடுகின்றன. பழக்கமில்லாத எந்தக் காலணியும் இப்படித்தான் செய்யும். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், வலியும் நின்றுவிடும். தசை வளர வேண்டுமானால் சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஷூவின் வளைவு முதல் நாள் எவ்வளவோ அவ்வளவேதான் ஆறாவது மாதமும்.

வாங்கியவர்கள் சிலருக்கு உடம்பு இளைத்தது, கால்கள் பலமானது என்பதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. புது ஷூ வாங்கிய உற்சாகத்தில் தினமும் நடந்திருப்பார்கள். நடைக்கு அந்தச் சக்தி உண்டு. பலன் வந்தது நடந்ததால், பெயர் கிடைத்தது ஷூவுக்கு. இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். தன் உழைப்பால் வந்த முன்னேற்றத்தை ஒருவர் ஒரு பொருளின் கணக்கில் எழுதிவிடுகிறார். அந்த ஷூ கிழிந்ததும் நடையையும் விட்டுவிடுகிறார்.

விளம்பரங்கள் எவ்வளவு தூரம் போயின என்பதையும் சொல்ல வேண்டும். ரீபாக், தன் ஈஸிடோன் சாதாரண ஷூவைவிடப் புட்டத்துக்கு 28 சதவீதமும் பின்தொடைக்கும் கெண்டைக்கும் 11 சதவீதமும் கூடுதல் வலுவைத் தரும் என்று எண்களோடு சொன்னது. ஸ்கெச்சர்ஸ், ஜிம்மில் கால் வைக்காமலே உடம்பைச் சீராக்கலாம் என்றது. 2011இல் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது வந்த விளம்பரத்தில் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உடற்பயிற்சியாளரைக் கைவிட்டு இந்த ஷூவைத் தேர்ந்தெடுப்பார். பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இரண்டு நிறுவனங்கள்மீதும் நடவடிக்கை எடுத்தது. 2011 செப்டம்பரில் ரீபாக் 2.5 கோடி டாலருக்கும், 2012 மே மாதத்தில் ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலருக்கும் உடன்பாட்டுக்கு வந்தன. அந்தப் பணம் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. தவறு செய்ததாக ஸ்கெச்சர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பகுதி என் மனத்தைவிட்டுப் போகவே இல்லை. ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர்), தானே சுதந்திரமாக ஆய்வு செய்து பார்த்ததாகச் சொல்லி ஷேப்-அப்ஸைப் பரிந்துரைத்திருந்தார். கமிஷன் சொன்னபடி, ஆய்வு அந்த முடிவுகளைத் தரவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஸ்கெச்சர்ஸ். அவருடைய மனைவி அதே நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் அதிகாரி. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கலாம். இன்று வேறு பெயரில், வேறு வண்ணத்தில் இதே ஷூ வந்தாலும், யார் செய்த ஆய்வு, எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், எந்த ஷூவோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள்.

முதுகுவலிக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 115 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ராக்கர் சோல் ஷூவும் மறுபாதிக்குத் தட்டையான சோல் ஷூவும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ராக்கர் சோல் தட்டை சோலைவிட மேலாக இல்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் வலி கூடுபவர்களுக்குத் தட்டை ஷூவே அதிகம் உதவியது. 2013இல் வெளியான முடிவு இது. முதுகுவலிக்காரர்களுக்கு வளைந்த ஷூ விற்பவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் இந்த சோல் யாருக்குத்தான்? என்னைப்போல் பெருவிரல் மூட்டு இறுகியவர்களுக்கு. கணுக்கால் மூட்டு தேய்ந்தவர்களுக்கு, அல்லது அறுவை சிகிச்சையில் அந்த மூட்டை அசையாதபடி இணைத்துவிட்டவர்களுக்கு. எல்லோரையும்விட முக்கியமாக, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு. அவர்களுக்கு முன்பாதத்தில், விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு அடியிலும் அழுத்தம் குவியும். வலி தெரியாததால் அதே இடம் அழுந்தி அழுந்திப் புண்ணாகும். அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்கும் போகலாம். சரியாக வடிவமைத்த ராக்கர் சோல் அந்த இடத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறது. புண் மறுபடி வராமல் தடுப்பதற்கான காலணிகளில் இந்த வடிவம் இருப்பது அதனால்தான். ஒரு மனிதரின் காலையே காப்பாற்றக்கூடிய ஒன்றைப் புட்டம் இறுகுவதற்கான பொருளாக விற்றதுதான் எனக்கு ஆறவில்லை.

சரியாக வடிவமைத்த என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சோல் எந்த இடத்தில் மேல்நோக்கித் திரும்பத் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரல்களின் அடிமூட்டுக்குச் சற்றுப் பின்னால் திரும்பினால் முன்பாதத்தின் பளு குறையும். அதற்கு முன்னால் தள்ளிப்போனால் பயனே இருக்காது. கடையில் தொங்கும் டோனிங் ஷூவின் வளைவு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். பாதத்தின் அழுத்தத்தை அளந்து, நடையைப் பார்த்து, உள்ளே வைக்கும் மெத்தையையும் சேர்த்துச் செய்வது வேறு ரகம். ஒரு காலுக்கு மட்டும் தடித்த ராக்கர் சோல் போட்டால் மறுகாலின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து இன்னொரு வலி வந்து சேரும்.

இப்போது வயதானவர்கள் விஷயம். அம்மாவுக்கு, அப்பாவுக்குப் பரிசாக வாங்கித் தரலாமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். தயவுசெய்து நீங்களாக வாங்கித் தராதீர்கள். வளைந்த சோலில் பின்பக்கம் சாய்ந்தால் தாங்கிக்கொள்ளத் தரை இல்லை. கால் மரத்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்கள் நிலை தடுமாற அது போதும். மருத்துவர் பரிந்துரைத்த ராக்கர் சோலுக்கே முதல் சில நாட்கள் வீட்டுக்குள் சுவர்ப் பக்கமாக நடந்து பழகச் சொல்கிறார்கள். படி இறங்கும்போது நான் இப்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். பாதத்தின் பாதி படியின் விளிம்பைத் தாண்டி நிற்கும்போது வளைவு காலை முன்னே இழுக்கும்.

தசை வலுவாக வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை மிகச் சாதாரணமானது. காலைக் கடிக்காத, குதிகாலில் ஆடாத ஒரு ஷூ போதும். வழக்கமான நடையில் ஒரு மேட்டையோ சில படிகளையோ சேருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை நாளும் செய்யுங்கள். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பிறகு கையில் கொஞ்சம் எடையோடு செய்யுங்கள். பெருவிரல் மடங்கும்போது வலிக்கிறது, பாதம் மரத்திருக்கிறது, முன்பாதத்தில் காய்ப்போ புண்ணோ இருக்கிறது என்றால் கடைக்குப் போவதற்கு முன் பாதத்தைப் பார்க்கும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். போகும்போது தினமும் போடும் பழைய ஷூவையும் எடுத்துப் போங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள்.