ஏணியிலிருந்து விழுந்தவரிடம் வருமானச் சான்று கேட்கிறார்கள்

மாமா ஒரு பாத்திரக் கடையில் 22 வருடமாக வேலை பார்க்கிறார். போன மாதம் பரணில் இருந்த பித்தளை அண்டாவை இறக்க ஏணியில் ஏறியவர் கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, முதுகிலும் பலமான அடி. ஆட்டோவில் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அன்று இரவு நடந்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டியூட்டியில் இருந்த டாக்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் பேசினார். ஊசி, எக்ஸ்ரே, படுக்கை எல்லாம் கிடைத்தது, யாரும் காசு கேட்கவில்லை. என் கோபம் அவர்கள் மேல் இல்லை. ராத்திரி பகலாக உழைக்கிற அந்த மனிதர்களையும் நோயாளியையும் பிரித்து நடுவில் ஒரு ஜன்னலை வைத்திருக்கிறார்களே, அந்த ஜன்னல் மேல்தான் கோபம்.

மூன்றாம் நாள் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டணப் பலகை. சி.டி. 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இலவசம். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி, "காப்பீட்டு அட்டை இருக்கா?" இல்லை என்றோம். "அப்ப பணம் கட்டிட்டு வாங்க."

மாமா ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். போகிறவர் வருகிறவர் யாராவது இடித்தால் உயிர் போகிற மாதிரி வலி. அதனால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் அசையாமல் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணினாள். 640 ரூபாய் இருந்தது. மறுபடியும் எண்ணினாள், கூடிவிடுமா என்று பார்க்கிற மாதிரி. நான் பணத்தைக் கட்டினேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது, அதனால் ஸ்கேன் நடந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா, ஜன்னலில் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அவர் மறுநாள் வந்தாரா, வரவே இல்லையா? அந்த ஆஸ்பத்திரியில் இதை யார் கணக்கு வைக்கிறார்கள்?

அடுத்து ஆபரேஷன். இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். "அட்டை இருந்தா அதுல போட்டு சீக்கிரம் முடிச்சிரலாம். இல்லைன்னா மூட்டை நீங்க வெளியில வாங்கித் தர வேண்டியிருக்கும்" என்று வார்டில் சொன்னார்கள். சரி, அட்டை எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அட்டைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. மாமாவின் சம்பளம் 11,500. வருடத்துக்கு 1,38,000 ரூபாய். 18,000 ரூபாய் அதிகம் சம்பாதித்த குற்றத்துக்காக இந்த மனிதர் அரசாங்கத்தின் கணக்கில் வசதியானவர் ஆகிவிட்டார். வீட்டு வாடகை 4,000. அத்தைக்குச் சர்க்கரை. கடையில் வேலை செய்பவர்கள் நாலே பேர், அதனால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் கிடையாது. விழுந்த நாளிலிருந்து சம்பளமும் கிடையாது. அவருடைய இன்றைய வருமானம் பூஜ்யம். ஆனால் அட்டைக்குக் கேட்கிற வருமானச் சான்றிதழில் வருவது எழுந்து நடமாடிய காலத்து வருமானம்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, வி.ஏ.ஓ.வைப் பார்க்க அத்தையோடு போனேன். அவர் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லித்தான் பேசினார். கடைச் சம்பளத்தைக் கேட்டார். அத்தை உள்ளதைச் சொன்னாள். "பையன் என்ன பண்றான்?" என்றார்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான் சார். பொண்டாட்டி புள்ளையோட தனியா இருக்கான்."

"ரேஷன் கார்டுல பேர் இங்கதான இருக்கு? அப்ப அவன் சம்பளமும் சேர்ந்துதாம்மா வரும்."

அந்தப் பையன் வீட்டுக்குப் பணம் அனுப்பி ஒரு வருடமாகிறது. அதை ஊர் பேர் தெரியாத ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டிய நிலைமை அத்தைக்கு வந்தது. மகன் பார்ப்பதில்லை என்று எங்கள் வீட்டில்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த ஆபீசில், பட்டா மாற்றத்துக்கு வந்த நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வெளியே வந்தால் ஒருவர் ரகசியம் போலச் சொல்கிறார், "உண்மையை ஏன் சொன்னீங்க? எல்லாரும் எழுபத்திரண்டாயிரம்னுதான் போடுவாங்க." 2009-ல் இந்தக் காப்பீடு தொடங்கியபோது வைத்த வரம்பு 72,000. அது 1,20,000 ஆக ஏறிய பிறகும் ஜனங்கள் வாயில் அந்தப் பழைய எண்தான் இருக்கிறது. எல்லோரும் பொய் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு சான்றிதழை எதற்காக வைத்திருக்கிறீர்கள்? ஆள் தெரிந்தவன், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவன் வாங்கிக்கொண்டு போகிறான். கல்லாவில் ஒரு ரூபாய் கூடினாலும் முதலாளியிடம் சொல்லிவிடுகிற என் மாமா மாதிரி ஆள் வெளியே நிற்கிறார்.

ஆத்திரத்தில் அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த 10 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு 8 லட்சம். இ.எஸ்.ஐ.யில் மாதம் 21,000 வரை வாங்குகிறவர் சேரலாம். இங்கே மாதம் 10,000. ஒரே நாட்டில், ஒரே மனிதர் ஒரு மேஜையில் ஏழை, அடுத்த மேஜையில் பணக்காரர். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-ல் அறிவித்த கூலியே நாளுக்கு 319 ரூபாய். புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கூலிக்கு வருடத்தில் ஆளுக்கு 200 நாள் வேலைக்குப் போனால் இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். யார் உட்கார்ந்து போட்ட கணக்கு இது?

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை வேண்டாம், வருமானம் கேட்பதில்லை, வெளிமாநிலத்துக்காரர் என்றாலும் பார்ப்பார்கள். அருமையான திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அப்படியானால் கேட்காமலும் நடத்த முடியும்தானே? ரோட்டில் விழுந்தவனிடம் கேட்காத கேள்வியை ஏணியிலிருந்து விழுந்தவரிடம் ஏன் கேட்கிறீர்கள்?

ரேஷன் கடையைப் பாருங்கள். மற்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டை வைத்து அரிசி அட்டைதாரர்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்று நின்றது. இன்றைக்கும் அரிசி வேண்டும் என்கிறவருக்கு அரிசி கார்டு உண்டு, வேண்டாம் என்கிறவர் சர்க்கரை கார்டு வைத்துக்கொள்கிறார். வசதி உள்ளவர் தானாக விலகிக்கொள்கிறார், யாரும் துரத்தவில்லை. அரிசிக்கு இந்தத் தெளிவு இருந்த ஊரில் ஸ்கேனுக்கு ஏன் இல்லாமல் போனது?

"வசதியானவர்கள் எல்லாம் வந்து இலவசமாக அனுபவித்துவிட மாட்டார்களா?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். ஐயா, அந்த வார்டுக்குள் ஒரு நாள் வந்து பாருங்கள். ஒரு கட்டிலில் ஆள், இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையில் பாய் விரித்து இன்னொரு ஆள். கழிவறைக்கு வரிசை. ஓ.பி. சீட்டுக்குக் காலை ஆறு மணியிலிருந்தே கூட்டம். கையில் நாலு காசு இருக்கிறவர் யாரும் விரும்பி வந்து அங்கே படுப்பதில்லை. அந்த வரிசையில் நிற்பதைவிட வேறென்ன சான்று வேண்டும்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி வாங்கும்போது என் மாமாவிடம் யாரும் வருமானம் கேட்டதில்லை.

பணம் இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்று 1946-லேயே ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அரசு அமைத்த மருத்துவக் குழு எழுதி வைத்தது. சுதந்திரத்துக்கும் முந்தைய வருடம். இத்தனை காலம் கழித்தும் வலியில் துடிக்கிற மனிதரின் வீட்டார் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

மாமாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒன்பது நாள் தாமதமாக, அட்டை கைக்கு வந்த பிறகு. எப்படி வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. 22 வருடம் கணக்குப் பிசகாமல் நடந்த மனிதர், மாதம் 6,000 ரூபாய்தான் சம்பாதிக்கிறேன் என்ற தாளில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி காட்டப் போக வேண்டும். ஜன்னலில் கேட்பார்கள் என்று அத்தை அந்தத் தாளை ஆறு ஜெராக்ஸ் எடுத்து மஞ்சப்பையில் வைத்திருக்கிறாள்.