காலைக் கட்டாதீங்க என்றதுக்கா இத்தனை வசவு?

பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கட்டும் அந்த ரீலைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரைக்கும் இன்பாக்ஸில் அதையே அனுப்பி "அக்கா, இதுக்கு இன்னா சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

பிறந்து 10 நாள்கூட ஆகியிருக்காது அந்தக் குழந்தைக்கு. இரண்டு காலையும் நீட்டி, ஒட்ட வைத்து, கணுக்கால் வரைக்கும் இறுக்கிச் சுருட்டி, மேலே ஒரு நாடா முடிச்சு. விறகுக் கட்டு தோற்றது. கீழே வரிசையாக ஹார்ட்டு. "கால் கோணாம வளரும்" என்று ஒரு விளக்கம் வேறு. நான் எழுதியது ஒரே வரி: கையைச் சுற்றுங்க, காலைக் கட்டாதீங்க. அதற்கு "டாக்டரம்மா வந்துட்டாங்க", "பாட்டிங்களை அசிங்கப்படுத்துறா" என்று நேற்று முழுக்க அர்ச்சனை.

மறுபடியும் சொல்கிறேன். காலைக் கட்டாதீங்க.

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். தொடையெலும்பின் பந்து அதில் ஆழமாக உட்கார வேண்டுமென்றால், கால் தவளை மாதிரி மடங்கி வெளிப்பக்கம் விரிய வேண்டும். நீட்டிக் கட்டினால் பந்து விளிம்புக்கு நழுவப் பார்க்கும். வலிக்காது, குழந்தை அழாது, யாருக்கும் தெரியாது. டாக்டர் சோதித்துப் பார்க்காவிட்டால், நடக்க ஆரம்பித்து ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும்போதுதான் தெரியும். கோணலைப் பற்றிக் கவலையா? வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். 2 வயதுக்குள் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும், நாடா தேவையில்லை.

"காலங்காலமா கட்டுறோம், எதுவும் ஆகல" என்கிறீர்கள். ஜப்பானிலும் காலங்காலமாக அப்படித்தான் கட்டினார்கள். 1975-இல் நாடு முழுக்கப் பிரசாரம் செய்து, பாட்டிகளிடமே எடுத்துச் சொல்லி, கால் நீட்டிக் கட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதற்கு முன்பு 100-க்கு 1 முதல் 3 குழந்தை வரை இருந்த இடுப்பு விலகல், பிறகு 1,000-க்கு 2-க்கும் கீழே இறங்கியது. அங்கே எந்தப் பாட்டிக்கும் அவமானம் ஆகிவிடவில்லை.

சுற்றவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? திடுக்திடுக்கென்று தூக்கிப் போடும் குழந்தைக்குச் சுற்றினால் இதமாகத்தான் இருக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மெல்லிசு காட்டன் மல் துணி வாங்குங்கள், நீளம் அகலம் ஒரு மீட்டர். நைந்த வேட்டி கிடைத்தால் அதைவிட நல்லது. மூலை மேலே வருகிற மாதிரி விரித்து, மேல் மூலையை ஒரு சாண் உள்ளே மடித்து, அந்த மடிப்பில் தோள் வருகிற மாதிரி மல்லாக்கக் கிடத்துங்கள். தலை துணிக்கு வெளியே. கையை இயல்பாக நெஞ்சுப்பக்கம் மடக்கி, ஒரு பக்கத்துத் துணியைக் குறுக்கே கொண்டுபோய் முதுகுக்கு அடியில் செருகுங்கள். அடுத்தது கீழ் மூலை. அதை இழுத்துத் தோளில் செருகாதீர்கள், கால் நீண்டுவிடும். பை மாதிரி தொளதொளவென்று விட்டு மடியுங்கள், உள்ளே முட்டி இரண்டும் மேலே வந்து விரிய வேண்டும். கடைசியாக மறுபக்கம். ஊக்கு, நாடா, கயிறு எதுவும் வேண்டாம். ரொம்ப லூசாகவும் விடாதீர்கள், துணி அவிழ்ந்து முகத்தில் ஏறும்.

காசிமேட்டில் வலை பின்னுகிற ஒரு ஆயாவுக்கு இதைக் காட்டியபோது, "நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவுல 2, 3 விரல் போகணும்" என்றதும், வலைக்கண்ணி அளக்கிற மாதிரி விரலை விட்டுப் பார்த்தார். "கால உட்டா ஒதைக்குதேம்மா?" "உதைக்கட்டும் ஆயா." அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் எதிர்வீட்டுக் குழந்தைக்கு அவரே சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது போன் வைத்திருக்கிற உங்களுக்குப் புரியவில்லை.

ஒரு தம்பி கேட்டது மட்டும் நியாயம்: "வீடே ஒரு ரூம், அஞ்சு பேர் படுக்கணும், தொட்டில் எங்க போடுறது?" தொட்டில் வேண்டாம் தம்பி. தரையில் பாய், மேலே மடிப்பில்லாத துணி, சுவரோரம் இல்லாமல் தள்ளி ஒரு கொசுவலை. போதும். துணி சுற்றிய குழந்தையைப் பெரியவர்களுக்கு நடுவில் மட்டும் போடாதீர்கள். கடுகுத் தலையணையும் வேண்டாம். சுற்றிய குழந்தையைத் தூளியிலும் தூங்க விடாதீர்கள், தாடை நெஞ்சில் இடித்து மூச்சு அடைபடும். எப்போதும் மல்லாக்கத்தான், ஒருக்களித்துக்கூட வேண்டாம். குப்புறப் புரண்டால் கையை ஊன்றித் தலையைத் திருப்ப அதற்கு வழியே இல்லை. புரளப் பார்க்கிற அன்றைக்கே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். பலருக்கு 3, 4 மாதத்தில், சிலருக்கு 2 மாதத்திலேயே.

சித்திரை வெயிலில் ஷீட் போட்ட வீட்டில், கரண்ட் வேறு போயிருக்கும்போது, அதன் மேல் டர்க்கி டவல் எதற்கு? பிஞ்சுக் கை கால் சில்லென்றுதான் இருக்கும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்த்தாதீர்கள். பிடரியைத் தொடுங்கள். வியர்த்திருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

"சுத்தி வெச்சா நல்லா தூங்குதே" என்று ஒரு பெருமை. தூங்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டிய குழந்தை அது. பசித்தால் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டும். கையையும் கட்டிவிட்டு, அசந்து தூங்குகிறது என்று விட்டுவிட்டால் எடை எப்படி ஏறும்? எடை ஏறாவிட்டால் யாரைத் திட்டுவீர்கள்? 20 வயதுப் பெற்றவளைத்தானே. "அவளுக்குப் பால் இல்ல, புள்ள வளக்கத் தெரியல." கட்டிவிட்டவர்கள் ஹார்ட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு அந்தக் குழந்தை விந்தி நடந்தாலும் அவள் தலையில்தான் விடியும். இதைச் சொன்னதற்குத்தான் "நீ புள்ள பெத்தவளா?" என்று ஒருவர் கேட்டார். ஆம்பளை. அவர் எத்தனை பெற்றார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ரீல் வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், 6-வது வாரத்து ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். துணி மாற்றும்போது நீங்களும் பாருங்கள்: முட்டியை மடக்கி விரித்தால் ஒரு பக்கம் மட்டும் இறுகுகிறதா, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா. சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கமென்ட் பக்கம் நான் இனி வருவதாக இல்லை.