அண்ணரை அரைவாசியாக வெட்டி மாலை போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சூம் கூட்டத்தைப் பற்றித்தான். எந்தக் கூட்டம், யார் என்று கேட்டு இன்பொக்ஸுக்கு வர வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்று நாளாக எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அண்ணர் மோசம் போய் முப்பத்தொன்று முடிந்த கையோடு நினைவேந்தல் வைத்தீர்கள். நல்லது. லண்டன், பாரிஸ், டொரன்டோ என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், அதுவும் நல்லது. மட்டக்களப்பில் இருந்து அவர் பேஸ்புக்கில் எழுதிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டீர்கள். 1990இல் வந்தாறுமூலை அகதி முகாமில் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிய பதிவு வந்தது. செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான் பதிவு வந்தது. 2023இல் மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்துக்குக் குந்தியபோது எழுதியவை நாலோ ஐந்தோ வந்தன. பின்னால் புல்லாங்குழல். எல்லாம் சரி. ஓகஸ்ட் 3 எங்கே?

அவரோடு ஒரு வருடமாவது பழகியவர்களுக்கு நான் கேட்பது விளங்கும். 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் நூறு பேருக்கு மேல் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டானிலும் பக்கத்துக் கிராமங்களிலும் இராணுவம் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் 184 பேர் திரும்பி வரவில்லை. இடையில் ஐந்து கிழமைதான். அண்ணர் வருடா வருடம் இரண்டு நாளுக்கும் எழுதினார். இரண்டுக்கும் ஒரே படம் போடுவார், காவல் கொட்டிலில் அவர் வைத்திருந்த குப்பி விளக்கு. சோம்பலில் இல்லை, வேண்டுமென்றேதான் ஒரே படம். செப்டெம்பர் பதிவுக்கு இதயமும் தாமரையும் போட்ட அதே கைகள்தான் ஓகஸ்ட் பதிவுக்குக் கீழே "எவ்வளவு வாங்கினாய்" என்று கேட்டன. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைகளில் சில, பூ இமோஜியோடு வந்து குவிந்ததைப் பார்த்தேன். அதில் ஒருவர், 2020இல் அண்ணரின் படத்தைப் போட்டுத் துரோகி என்று எழுதிவிட்டு அவரை புளொக் பண்ணியவர், "என் உடன்பிறவாச் சகோதரன்" என்று கமெராவுக்கு நேரே அழுதார். அந்த ஸ்கிரீன்ஷொட் என்னிடம் இருக்கிறது. போட மாட்டேன். போடலாம், ஆனால் போட மாட்டேன்.

நான் சொல்வது ஒன்றுதான். ஒரு மனிசனை நினைப்பதென்றால் முழுசாக நினையுங்கள். உங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் வெட்டி எடுத்து அதற்கு மாலை போடாதீர்கள்.

எழுத்துப்பிழையைக்கூட விட்டுவைக்கவில்லையே! அண்ணருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். "விழக்கம் தேவை" என்றுதான் அவருடைய பாதிக் கொமெண்ட் தொடங்கும். திரையில் பார்த்தால் "விளக்கம்". யாரோ உட்கார்ந்து திருத்தி, அழகான எழுத்துருவில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. அரிசி ஆலையில் ராக்காவல் பார்த்துக்கொண்டு, கண்ணாடி உடைந்த போனில் ஒற்றை விரலால் தட்டியவர். இங்கே ராவு இரண்டு மணியென்றால் டொரன்டோவில் பின்னேரம், அதனால்தான் அவ்வளவு பேரோடும் வாதாட அவருக்கு நேரம் கிடைத்தது. நடுவாதத்தில் "டோர்ச் எடுக்கிறன், ஒரு சுற்றுப் போட்டு வாறன்" என்று போவார். அரைமணித்தியாலத்தில் வந்து விட்ட இடத்தில் பிடிப்பார். அப்படிப்பட்ட ஆளைத்தான் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டின சிந்தனையாளராக ஆக்கி வைத்திருந்தீர்கள்.

"செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும்" என்று இப்போதே ஒருவர் தட்டிக்கொண்டிருப்பார். ஐயா, ஓகஸ்ட் 3 பதிவு கெட்டதென்று உங்களுக்கு யார் சொன்னது? அவரிடம் எனக்குத் தெரிந்த ஆகப்பெரிய நல்லதே அதுதான்.

"அவர் முஸ்லிம்களுக்கு வால் பிடித்தவர், அதைக் காட்டினால் அவருக்குத்தான் அவமானம்" என்று இன்னொருவர் எனக்கு வட்ஸ்அப்பில் அக்கறையாக அனுப்பியிருந்தார். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது, இரவு வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் பஸ் ஏறி அங்கே போய் இருந்தவர் யார்? அந்தக் கிழமை அவருடைய முஸ்லிம் நண்பர்கள் எத்தனை பேர் அவரை விட்டுப் போனார்கள் தெரியுமா? காலையில் இனவாதி, பின்னேரம் துரோகி, இரண்டு பட்டத்தையும் ஒரே நாளில் வாங்கிய ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"அந்தப் பதிவுகளைக் காட்டியிருந்தால் கூட்டம் சண்டையில் முடிந்திருக்கும், வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்கிறார் ஏற்பாட்டாளர். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு ஆட்களுக்கு அந்தச் சண்டை புதுசு என்று நினைக்கிறீர்களா?

செத்த வீட்டுக்கு நான் மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனேன். 2014இல் பாலம் திறக்குமட்டும் பாதை என்கிற மிதவையில் கடந்த துறை அது, பாதை வர மட்டும் கரையில் காத்து நின்றதைப் பற்றி அண்ணர் கதை கதையாக எழுதியிருக்கிறார். பத்து வருடம் பேசிய மனிசனை நான் நேரில் கண்டது இரண்டே தரம். மூன்றாம் தரம் பெட்டியில். வளவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கதிரையில் இருந்து சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தேன். மகள் வந்து பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

"ஓ, நீங்கதான் இணைப்பா?"

எனக்கு விளங்கவில்லை. "அப்பா உங்கள இணைப்பு எண்டுதான் சொல்லுவார். இணைப்பு இண்டைக்கும் விடுறானில்ல எண்டு." பிறகு அக்காவும், அண்ணரின் மனைவி, வந்து, "லீவு நாள்ளயும் உங்களோடதானே தம்பி சண்டை, தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சிரித்து, அப்படியே அழுதார். சண்டைக்காரனாகத்தான் அந்த வீட்டில் என்னைத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம்.

ஆம், வடக்கு, கிழக்கு மாகாணங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிற இணைப்புக்காரன் நான். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்த்ததை இன்றுவரை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணர் "முதலில் கிழக்கைக் கிழக்காகப் பாருங்க, இங்க மூன்று சனமும் இருக்கு" என்பார். நான் அவரைப் பிரதேசவாதி என்றேன். ஒருதரம் அதைவிட மோசமாகவும் சொன்னேன். ஆகவே "நீயும் அவரைத் திட்டினவன்தானே, இப்ப என்ன நியாயம் பேச வந்தாய்" என்று கேட்பவர்களே, கேளுங்கள். திட்டினேன். அவருக்கு முன்னால் திட்டினேன், அவர் திருப்பித் திட்டக்கூடிய காலத்தில் திட்டினேன். செத்த பிறகு வந்து கட்டிப்பிடிக்கவில்லை.

குடும்பத்துக்குக் காசு சேர்த்து அனுப்பினீர்கள், அது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது, அதற்கு உண்மையில் நன்றி. இதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்பீர்கள், சொன்னால் பயந்துவிட்டான் என்பீர்கள். ஆனால் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கக் காசு கொடுத்தவருக்குச் செத்தவரின் வாயைத் திருத்தவும் உரிமை வந்துவிடுமா? இங்கே இருந்து, இந்தச் சனங்களுக்கு நடுவில், அடுத்த நாள் அதே சந்தையில் மீன் வாங்கப் போக வேண்டிய ஒருவர் ஓகஸ்ட் 3 பற்றி எழுதுவதும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அதை அழிப்பதும்... சரி, விடுகிறேன். இதை எழுதத் தொடங்கியது அதற்கில்லை.

கடைசியாக எனக்கு அவர் எழுதியது ராவு இரண்டேகாலுக்கு. நாற்பது வரி இருக்கும், மாகாண சபை பற்றி. அரை நித்திரையில் பார்த்தேன். ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஆறுதலாகப் பதில் எழுதலாம் என்று நினைத்தேன், எழுதவில்லை, அடுத்த நாளும் எழுதவில்லை. ஆறாம் நாள் செய்தி வந்தது. பத்து வருடச் சண்டையில் நான் கடைசியாகச் சொன்னது ஒரு கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலமும் அதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒருவேளை அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபமோ தெரியாது.

அப்புறம் ஒரு விசயம். அவருடைய கணக்கை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். மரணச் சான்றிதழைக் கொடுத்தால் பேஸ்புக் அதை நினைவுக் கணக்காக மாற்றும், அவர் சொந்தமாகப் போட்ட பதிவுகள் அப்படியே கிடக்கும் என்று சொன்னேன். ஆனால் அவர் எழுதியதில் பெரும்பகுதி மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழேதான். அந்தப் பதிவை உரியவர் அழித்தால் அண்ணரின் கொமெண்டும் அதோடு போய்விடும். கூட்டத்துக்கு முதல் நாள் சிலர் அழிக்கத் தொடங்கியதைக் கண்ணால் கண்டேன்.

ஆகவே யாரிடமாவது அவருடைய கொமெண்டுகளின் ஸ்கிரீன்ஷொட் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். முக்கியமாக 2019, 2020இல் நடந்த வாதங்கள். அவர் உங்களைத் திட்டியது, நீங்கள் அவரைத் திட்டியது, இரண்டும் வேண்டும். என்னைப் பிடித்து உலுப்பியதும் நிறைய இருக்கும், அதையும் அனுப்புங்கள். எழுத்துப்பிழை திருத்தாமல்.